பிளக்கைப் பிடுங்காதீங்க... ஓடும் கட்டளையை நிறுத்த ஒரு சாவி போதும்!

பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் இ-சேவை மையங்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு. திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி வட்டாரத்தில் ஒரு மையம் என்று வைத்துக்கொள்வோம். பழனி - தாராபுரம் சாலையில் பஸ் பிடித்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். திடீரென்று இணையம் மெதுவாகிறது. மையத்தில் இருக்கும் தம்பி, கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ ஒரு சோதனைக் கட்டளையைத் தட்டுகிறார். திரையில் வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன, நிற்கிற பாடில்லை. "என்னப்பா ஆச்சு?" என்று வரிசையில் இருந்து குரல் வருகிறது. பதற்றத்தில் அவர் கை எங்கே போகும்? ரவுட்டரின் பிளக்குக்குத்தான்.

அந்த ஒரு நொடியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்துவது வேறு, கருவியின் மின்சாரத்தை நிறுத்துவது வேறு. முதலாவதால் பெரும்பாலும் ஒரு பாதிப்பும் இல்லை. இரண்டாவது சில நேரங்களில் அந்த ஊருக்கே இணையத்தை நிறுத்திவிடும். எதை, எப்போது, எப்படி நிறுத்தலாம் என்று தெரிந்துகொண்டால் வரிசையில் நிற்பவர்களின் நேரமும் மிச்சம், உங்கள் டென்ஷனும் மிச்சம்.

ஊராட்சிக்கு வந்த கண்ணாடி இழை

நாட்டில் உள்ள சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழை மூலம் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இலக்காகக் கொண்டு, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் (டான்ஃபிநெட்) இதைச் செயல்படுத்துகிறது. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவும், மீதி தரைக்கு அடியிலும் செல்கிறது. ஊராட்சியில் அது வந்து சேரும் இடத்தில் ஒரு ரேக், அதில் யூபிஎஸ், ரவுட்டர், கண்ணாடி இழைக் கருவிகள்.

இதுதவிர 'அனைவருக்கும் இ-சேவை' திட்டத்தில் தனிநபர்கள் நடத்தும் மையங்களும் உண்டு. அங்கே கேபிள் ஆபரேட்டரோ தொலைத்தொடர்பு நிறுவனமோ கொடுத்த சிறிய ரவுட்டர் இருக்கும். பெரியதோ சிறியதோ, ரவுட்டர் என்பது ஒரு கணினிதான். அதற்குள் மென்பொருள் ஓடுகிறது. கட்டளை கொடுத்தால் வேலை செய்கிறது. வேலை முடியும்வரை சில நேரம் பதில் சொல்லாமல் இருக்கிறது. "ஹேங் ஆயிடுச்சு" என்று நாம் நினைக்கும் பல தருணங்களில் அது ஹேங் ஆகவில்லை. கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விண்டோஸ் கணினியில் 'டிரேஸர்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. நம் மையத்தில் இருந்து ஒரு இணையதளம் வரை வழியில் எத்தனை ரவுட்டர்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லும். அது அதிகபட்சம் 30 நிறுத்தங்கள் வரை தேடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று முறை கேட்கும். பதில் வராவிட்டால் ஒவ்வொரு முறையும் 4 வினாடி காத்திருக்கும். வழியில் யாருமே பதில் சொல்லவில்லை என்றால் 30 x 3 x 4 = 360 வினாடிகள். அதாவது முழுசாக 6 நிமிடம்! அதுவரை திரையில் நட்சத்திரக் குறிகள் மட்டுமே வந்துகொண்டிருக்கும்.

சிஸ்கோ ரவுட்டருக்குள் இருந்து இதே சோதனையை (அங்கே 'டிரேஸ்ரூட்') செய்தால் காத்திருப்பு 3 வினாடி. மொத்தம் 270 வினாடி, நாலரை நிமிடம்.

'பிங்' கட்டளை இன்னும் எளிது. "இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்ற பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று சொல்லும். விண்டோஸில் நான்கு முறை கேட்டுவிட்டு தானே நின்றுவிடும். ஆனால் கடைசியில் 'மைனஸ் டி' சேர்த்துக் கொடுத்தால் நாம் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் சும்மா பிங் என்று கொடுத்தாலே அப்படித்தான். இதெல்லாம் கோளாறு இல்லை. அதன் இயல்பே அதுதான்.

நிறுத்தும் சாவி எது?

*விண்டோஸ், லினக்ஸ், மேக்:* கண்ட்ரோல் + சி. மேக்கில் கமாண்ட் சாவி இல்லை, கண்ட்ரோல் சாவிதான். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை ஓடும்போது இது 'காப்பி' ஆகாது, 'நிறுத்து' என்று அர்த்தம். பிங் நடுவில் இதை அழுத்தினால் எத்தனை அனுப்பினோம், எத்தனை திரும்பி வந்தது, எத்தனை சதவீதம் தொலைந்தது என்ற சுருக்கத்தையும் காட்டிவிட்டு நிற்கும். புகார் கொடுக்கும்போது உங்களுக்குத் தேவையானதே அந்தச் சுருக்கம்தான். பிளக்கைப் பிடுங்கினால் அது கிடைக்காது.

விண்டோஸில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தொடர் பிங் ஓடும்போது கண்ட்ரோல் + பிரேக் அழுத்தினால், சோதனை நிற்காமலே அதுவரையிலான கணக்கை மட்டும் காட்டிவிட்டுத் தொடரும்.

*மைக்ரோடிக், ஜூனிப்பர் ரவுட்டர்கள்:* இங்கேயும் கண்ட்ரோல் + சி. நம் ஊர்களில் பல கேபிள் ஆபரேட்டர்கள் மைக்ரோடிக் பயன்படுத்துகிறார்கள்.

*சிஸ்கோ ரவுட்டர்கள்:* இங்கேதான் பலரும் முழிப்பது. கண்ட்ரோல் + சி அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், டிரேஸ்ரூட் அது பாட்டுக்கு ஓடும். இதற்கு வேறு சாவி: கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். 6 என்ற எண்ணுக்கு மேலே கூரை போல ஒரு குறி இருக்கிறதல்லவா, அந்தக் குறியோடு கண்ட்ரோல் சேர்ந்தால் உருவாவது எழுத்துப் பட்டியலில் 30-வது குறியீடு. கண்ட்ரோல் + சி என்பது 3-வது குறியீடு. சிஸ்கோ தன் நிறுத்தக் குறியாக 30-ஐ வைத்திருக்கிறது, மற்றவர்கள் 3-ஐ. வித்தியாசம் அவ்வளவே. உடனே நிற்கவில்லை என்றால் ஓரிரு முறை மீண்டும் அழுத்துங்கள். அப்போது காத்திருக்கும் பதிலுக்கான நேரம் முடிந்ததும் நிற்கும்.

பழக்கப்பட்ட கண்ட்ரோல் + சி-தான் வேண்டும் என்றால் 'டெர்மினல் எஸ்கேப்-கேரக்டர் 3' என்று கொடுத்தால், அந்த ஒரு அமர்வுக்கு மட்டும் மாறிக்கொள்ளும்.

*பக்கம் பக்கமாக வரும் பட்டியல்:* கீழே 'மோர்' என்று நின்றால் கியூ எழுத்தை அழுத்தினால் போதும்.

ஒரு எழுத்துப் பிழை, ஒரு நிமிடக் காத்திருப்பு

சிஸ்கோவில் புதிதாக வேலை கற்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம் இது. கட்டளையில் ஒரு எழுத்து தப்பாகத் தட்டிவிட்டால், ரவுட்டர் அதை வேறொரு கருவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "இந்தப் பெயர் யாருடையது?" என்று வலையமைப்பு முழுவதும் கேட்க ஆரம்பித்துவிடும். திரையில் 'டிரான்ஸ்லேட்டிங்' என்று ஒரு வரி, கூடவே 255.255.255.255 என்ற முகவரி. பதில் சொல்ல யாரும் இல்லாததால் அப்படியே உறைந்து நிற்கும். "ஐயோ, கெடுத்துட்டோமே" என்று தோன்றும். ஒன்றும் கெடவில்லை. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 6 அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும். 'நோ ஐபி டொமைன்-லுக்கப்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் இந்தத் தேடலே நடக்காது. ஆனால் அப்போது ரவுட்டர் எந்தப் பெயரையும் தேடாது. எண் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

நிறுத்தியது போலத் தெரியும், நின்றிருக்காது!

மூன்று இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, 'டீபக்' கட்டளை. ரவுட்டருக்குள் நடக்கும் ஒவ்வொரு அசைவையும் திரையில் கொட்டும் கட்டளை இது. இதற்கு மேலே சொன்ன எந்தச் சாவியும் உதவாது. 'அன்டீபக் ஆல்' என்று எழுதித்தான் நிறுத்த வேண்டும். வரிகள் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் தட்டுவது கண்ணுக்கே தெரியாது; பரவாயில்லை, தட்டி எண்டர் கொடுங்கள், ரவுட்டர் ஏற்றுக்கொள்ளும். வேலை நேரத்தில் 'டீபக் ஆல்' கொடுக்கவே கூடாது. ரவுட்டர் தன் சக்தி முழுவதையும் வரிகளைக் கொட்டவே செலவழிக்கும். மக்களின் விண்ணப்பம் வெளியே நிற்கும்.

இரண்டு, லினக்ஸில் கண்ட்ரோல் + இசட். இது கட்டளையை முடிப்பதில்லை, உறங்க வைக்கிறது. அந்த வேலை பின்னால் அப்படியே கிடக்கும். சிஸ்கோவில் இதே சாவிக்கு வேறு குணம். அமைப்புகளை மாற்றும் நிலையில், பாதி வரியைத் தட்டிவிட்டு "வேண்டாம், விட்டுடலாம்" என்று கண்ட்ரோல் + இசட் அழுத்தினால், தட்டிய அளவு ஒரு சரியான கட்டளையாக அமைந்துவிட்டால் அது அமலுக்கு வந்துவிடும். கைவிட வேண்டும் என்றால் கண்ட்ரோல் + சி-தான் சரி.

மூன்று, ஜன்னலை மூடுவது. புட்டி போன்ற செயலியின் ஜன்னலை எக்ஸ் குறியால் மூடுவது, வீட்டை விட்டு ஓடி வருவது மாதிரி. உள்ளே அடுப்பு எரிகிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் இணைப்பு அறுந்துபோனால் பழைய அமர்வு சிஸ்கோவில் இயல்பாக 10 நிமிடம் வரை அப்படியே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் கட்டளையை நிறுத்துங்கள், பிறகு 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வாருங்கள்.

இதை மட்டும் நிறுத்தவே கூடாது

பிங், டிரேஸ்ரூட், பட்டியல் காட்டும் கட்டளைகள் எல்லாம் கேள்வி கேட்பவை. கேள்வியைப் பாதியில் நிறுத்தினால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் எழுதும் கட்டளைகள் அப்படி அல்ல.

ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது என்ன நடக்கிறது? அதன் நினைவகம் நாம் நோட்டில் எழுதுவது போல ஒரு எழுத்தை மட்டும் அழித்து மாற்றுவதில்லை. ஒரு தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டு, பிறகு புதியதை எழுதும். பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது. பல சிறிய ரவுட்டர்கள் அதோடு எழுந்திருக்காது. "விளக்கு எரியுது, ஆனா ஒண்ணும் வரல" என்று வரும் புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே:

- மென்பொருள் புதுப்பிப்பு ஓடும்போது திரை எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தாலும் கை வைக்காதீர்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.
- அமைப்புகளைச் சேமிக்கும் சில வினாடிகளில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.
- ரவுட்டர் எழுந்துகொண்டிருக்கும் முதல் நிமிடத்தில் பிரேக் சாவியைத் தொடாதீர்கள். சிஸ்கோவில் அந்த நேரத்தில் பிரேக் அழுத்தினால் அது வழக்கமான நிலைக்குப் போகாமல் பழுதுபார்ப்பு நிலையில் போய் நின்றுவிடும். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்காக வைத்திருக்கும் வழி அது.

சரி, தப்பான அமைப்பைக் கொடுத்து நம் இணைப்பே அறுந்துவிட்டால்? அதற்கு முன்கூட்டியே ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாம். சிஸ்கோவில் வேலையைத் தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்தால், 10 நிமிடத்தில் ரவுட்டர் தானே மறுதொடக்கம் ஆகி, சேமித்து வைத்த பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டு, அதன் பிறகு சேமியுங்கள். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' இதே வேலையைச் செய்கிறது. மைக்ரோடிக்கில் கண்ட்ரோல் + எக்ஸ் அழுத்தினால் பாதுகாப்பு நிலை. இணைப்பு அறுந்தால் அந்த நிலையில் செய்த மாற்றங்கள் தானாகவே ரத்தாகும்.

உலகமே நின்ற ஒரு ராத்திரி

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? 2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? நம் நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. சுமார் ஆறு மணி நேரம். "என் போன்ல மட்டும்தான் வரலையா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டார்கள்.

காரணத்தை மறுநாள் அந்த நிறுவனமே விளக்கியது. வழக்கமான பராமரிப்பின்போது, தங்கள் முதுகெலும்பு வலையமைப்பில் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அது தவறுதலாக அந்த வலையமைப்பின் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுத்து நிறுத்த ஒரு தணிக்கை மென்பொருள் இருந்தது. அதில் இருந்த பிழையால் அது தடுக்கவில்லை. பொறியாளர்கள் சரிசெய்யப் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவையும் முடங்கின. ஆட்கள் தரவு மையத்துக்கு நேரில் போக வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் உள்ள பாடம்: நிறுத்த வேண்டிய வழியை, கட்டளை கொடுக்கும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு தேடினால் தாமதம்.

மையத்தில் நீங்கள் செய்ய வேண்டியது

ஊராட்சி ரேக்கில் இருக்கும் அரசு ரவுட்டருக்குள் நுழைந்து எதையும் மாற்ற வேண்டாம். அது அதற்கான தொழில்நுட்பப் பணியாளரின் வேலை. உங்கள் கணினியில் இருந்தே போதுமான அளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் விளக்குகளைப் பாருங்கள். கண்ணாடி இழைக் கருவியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். நூறு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அறுந்த இழை ஒட்டாது. உடனே புகார் கொடுங்கள்.

விளக்கு சரியாக இருந்தால் மூன்று பிங். முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரி, பல இடங்களில் 192.168.1.1. பதில் இல்லை என்றால் கோளாறு மையத்துக்குள்ளேயே, பெரும்பாலும் கேபிள் அல்லது வைஃபை. இரண்டாவது, வெளியே ஒரு முகவரி, உதாரணமாக 8.8.8.8. ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லவில்லை என்றால் கோளாறு வெளி இணைப்பில். மூன்றாவது, ஒரு இணையதளத்தின் பெயர். எண் முகவரி வந்து, பெயரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று செய்தி வந்தால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு. ஒன்று கவனிக்கவும்: பாதுகாப்புக்காகப் பல தளங்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. அதை வைத்து தளமே நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மூன்றும் சரி, விண்ணப்பத் தளம் மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் நெரிசல் எதிர்முனையில். அப்போது உங்கள் ரவுட்டரை ஆஃப் செய்தால் பாதி நிரப்பிய விண்ணப்பம்தான் போகும். டிரேஸர்ட் போடுவதாக இருந்தால் 'மைனஸ் டி' சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தேடாமல் எண்ணை மட்டும் காட்டுவதால் சீக்கிரம் முடியும்.

வரிசையில் நிற்பவர்களுக்கு

நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது இணையம் நின்றால், உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். ஒப்புகை எண் உருவாகியிருக்கிறதா, கணக்கில் பணம் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மையத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம். "அக்கா, அஞ்சு நிமிஷம், லைன் டெஸ்ட் பண்றேன்" என்று மையத்தில் சொன்னால், அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள். அவசரப்படுத்தினால் கை பிளக்குக்குத்தான் போகும்.

கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு

நெட்வொர்க்கிங் படிக்கும் ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்கள் இதையெல்லாம் உண்மையான ரவுட்டரில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் 'பேக்கெட் டிரேசர்' என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். அதில் ஒரு ரவுட்டரை இழுத்து வைத்து, வேண்டுமென்றே ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டி, அது உறைந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நிறுத்தும் சாவியை அழுத்திப் பாருங்கள். ஒருமுறை கைப்பழக்கம் வந்துவிட்டால் பதற்றம் வராது.

ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்ட

1. வரிகள் ஓடிக்கொண்டே இருந்தால் அது கோளாறு இல்லை. கண்ட்ரோல் + சி அழுத்தவும்.
2. சிஸ்கோ என்றால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 6.
3. டீபக் என்றால் 'அன்டீபக் ஆல்'.
4. புதுப்பிப்பு, சேமிப்பு ஓடும்போது எதையும் தொடக் கூடாது.
5. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆஃப் - ஆன் வேண்டாம், புகார் கொடுக்கவும்.
6. பிங் சுருக்கத்தைப் போனில் படம் எடுத்து, நேரத்தையும் குறித்து, புகாரோடு சேர்த்து அனுப்பவும்.
7. பிளக் கடைசி வழி. அதற்கு முன் வரிசையில் யாருடைய விண்ணப்பமாவது பாதியில் நிற்கிறதா என்று பார்க்கவும்.